தகாத சொல் எது? தகாத நடத்தை யாருடையது?

கடந்த பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு கிராமம். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஊருக்கு வந்திருந்தான். மாலையில் கண்மாய்க்குப் போகும் வழியில் உள்ள சின்னப் பாலத்தின் திண்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். கால் மேல் கால் போட்டிருந்தான். ஊர்த் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அந்த வழியாகப் போனார். பையன் எழுந்திருக்கவில்லை. பேச்சு மும்முரத்தில் அவரைப் பார்க்கவே இல்லை என்கிறான்.

அன்று இரவே அப்பாவுக்கு ஆள் வந்தது. அந்தப் பெரியவரின் தோட்டத்தில்தான் அப்பா பல வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார். “ஒம் மகன் ரொம்பப் படிச்சுட்டானாமுல்ல. மரியாதை சொல்லிக் குடுக்கலையா?” என்று கேட்டார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “சின்னப்பய, தெரியாமப் பண்ணிட்டான் அய்யா” என்று மன்னிப்புக் கேட்டார்.

பேச்சு முடிவதற்குள் அந்த வீட்டின் எட்டு வயதுப் பேரன் ஓடி வந்தான். “டேய், பந்து சாக்கடைக்கு அந்தப் பக்கம் விழுந்துருச்சு. எடுத்துக் குடு” என்றான். ஐம்பத்தெட்டு வயது மனிதர் குனிந்து பந்தை எடுத்து, “இந்தாங்க சின்னய்யா” என்று கொடுத்தார். திண்ணையில் இருந்த யாரும் அந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் காதில் அது தப்பாகவே விழவில்லை.

வீட்டுக்கு வந்த அப்பாவிடம் மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “எட்டு வயசுப் பையன் ஒங்கள டேய்னு சொல்றான். அது மரியாதக் குறைவு இல்ல. நான் சும்மா உக்காந்திருந்தது மரியாதக் குறைவாப்பா?”

அப்பா பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அந்தக் கேள்விதான் இந்த வாரக் கட்டுரை.

ஒரே செயல், இரண்டு பெயர்

நாளிதழ் படிப்பவர்களுக்கு ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்ற வரி நன்றாகப் பழக்கம். குற்றச் செய்தியில் வாரம் இரண்டு முறையாவது வரும். அந்தத் தகாத வார்த்தை என்ன என்று அச்சில் வராது. வரவும் கூடாது. ஆனால் எது தகும், எது தகாது என்று தீர்மானிப்பது யார் என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

கிராமத்தில் ஒரே செயலுக்கு இரண்டு பெயர் உண்டு. ஊர்த் தெருப் பையன் புது வண்டி வாங்கினால் ‘முன்னேறிட்டான்’. காலனிப் பையன் வாங்கினால் ‘திமிரு’. அங்கே ஒருவர் சத்தமாகப் பேசினால் ‘வெள்ளந்தி மனுசன்’. இங்கே ஒருவர் பேசினால் ‘வாய்க்கொழுப்பு’. அங்கே கூலி உயர்த்திக் கேட்டால் ‘நியாயம் கேக்குறான்’. இங்கே கேட்டால் ‘எதிர்த்துப் பேசுறான்’. இங்கே செயல் மாறவில்லை, செய்தவரின் தெரு மட்டும்தான் மாறியது.

பண்பு என்பது நடத்தையைப் பார்த்துச் சொல்வது. தெருவைப் பார்த்துச் சொன்னால் அதற்குப் பெயர் சாதி. இந்த இரண்டையும் குழப்பி, சாதிக்கு ‘மரியாதை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் கல்லூரிப் பையனின் கேள்வி அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் போய் நிற்கிறது.

‘முறை’ யாருக்கு உண்டு?

தமிழில் ‘முறை’ என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. ஒழுங்கு என்றும் பொருள், நீதி என்றும் பொருள், உறவு என்றும் பொருள். “அவரு எனக்கு என்ன முறை?” என்று கேட்கிறோம். முறை தவறினால் முறைகேடு. ஆக, ஒருவரை உறவாக நினைத்து அழைப்பதும் ஒழுங்காக நடப்பதும் தமிழில் ஒரே சொல்லில் இருக்கின்றன.

ஊரில் பாருங்கள். இரத்த உறவு இல்லாதவர்களையும் மாமா, சித்தப்பா, அண்ணாச்சி, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிடுகிறோம். வேறு சாதிக்காரரைக்கூட அப்படி அழைக்கும் ஊர்கள் உண்டு. ஆனால் காலனிக்கு வந்ததும் பல ஊர்களில் அந்த முறை நின்றுவிடுகிறது. எழுபது வயதுப் பாட்டியை இருபது வயது ஆள் வெறும் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயரும் முழுசாக வருவதில்லை, பாதி வெட்டித்தான் வருகிறது. களையெடுக்க ஆள் வந்ததா என்று கேட்கும்போது “அது வந்துச்சா?” என்கிறார்கள்.

பதிலுக்கு அந்தப் பாட்டி சொல்வது என்ன? “வாங்க”, “சொல்லுங்க”, “சின்னய்யா”. சொல் போகும் பாதையில் மரியாதை கிடையாது. திரும்பி வரும் பாதையில் மட்டும் கட்டாயம்.

“பழக்கந்தான தம்பி, மனசுல ஒண்ணும் கெடையாது” என்று ஊர்த் தெருப் பெரியவர்கள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிறையப் பேருக்கு நிஜமாகவே மனதில் ஒன்றும் இல்லை. அந்த எட்டு வயதுக் குழந்தையின் மனதில் என்ன இருக்க முடியும்? கேட்டதைச் சொல்கிறது. ஆனால் மனதில் ஒன்றுமே இல்லை என்றால் மாற்றிக்கொள்வதிலும் ஒன்றும் கஷ்டம் இருக்கக் கூடாது அல்லவா?

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். இரண்டு நண்பர்கள் ‘வாடா, போடா’ என்று பேசுகிறார்கள். இவன் சொன்னதை அவனும் சொல்லலாம். அது நட்பு. ஒருவர் ‘வாடா’ என்கிறார், மற்றவர் ‘வாங்க’ என்றுதான் சொல்ல முடியும், ‘வாடா’ என்றால் அடி விழும் என்றால் அது நட்பும் இல்லை, பழக்கமும் இல்லை. நடத்தைக்கும் இதே அளவுதான். அவர் கால் மேல் கால் போட்டு உட்காரலாம் என்றால் இவரும் உட்காரலாம்.

பட்டியல் போட்டு வைத்த மரியாதை

இந்த ‘மரியாதை’ சும்மா காற்றில் வந்த பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அது பட்டியலாகவே இருந்தது.

அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதோர் குறித்து எழுதி அவர் மறைவுக்குப் பின் அச்சான நூல் ஒன்றில், கிராமம் எவற்றையெல்லாம் குற்றமாக நினைக்கிறது என்று வரிசை போட்டிருக்கிறார். சுத்தமான உடை, செருப்பு, கைக்கடிகாரம், தங்க நகை அணிவது குற்றம். வீட்டுக்கு ஓடு போடுவது குற்றம். பிள்ளைகளுக்குக் கௌரவமான பெயர் வைப்பது குற்றம். மேல்சாதிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காருவது குற்றம். வணக்கம் செலுத்தாமல் இருப்பது குற்றம். அந்த வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது: பண்பட்ட மொழியில் பேசுவது குற்றம்.

மாணவர்கள் இந்தக் கடைசி ஒன்றை இரண்டு முறை படிக்க வேண்டும். ‘இவங்களுக்குப் பேசத் தெரியாது, பண்பு கெடையாது’ என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். நன்றாகப் பேசினால் அதுவே குற்றம் என்று மறுபக்கம் சொல்கிறார்கள். இரண்டு வாசலையும் அடைத்துவிட்டு ‘ஏன் உள்ளே வரவில்லை?’ என்று கேட்கும் கதை.

வெகு தூரம் போக வேண்டாம். நம் தென் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றிய தம் நூலில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், எட்டு பதினொன்று ஆனது. அந்தப் பதினொன்றில் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் உண்டு.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும். இதில் யாரையும் அடிக்காதே, திருடாதே, பொய் சொல்லாதே என்ற ஒழுக்க விதி ஒன்றுகூட இல்லை. சட்டை போடாதே, குடை பிடிக்காதே, படிக்காதே. இதைத்தான் அன்று ‘முறை’ என்றார்கள். சட்டை போட்டவர் முறைகெட்டவர் ஆனார். குடிசைக்குத் தீ வைத்தவர் முறையைக் காத்தவர் ஆனார்.

இந்தத் தளையை உடைப்பது உடையிலும் நடையிலும் தொடங்க வேண்டும் என்று அம்பேத்கருக்குத் தெரியும். 1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் பேசும்போது, தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விட்டுவிடுங்கள், மேல்சாதிப் பெண்கள் கட்டுவது போலவே கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சேலை கட்டும் விதத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். பாலத்துத் திண்டில் கால் மேல் கால் போடுவதில் என்ன இருக்கிறதோ, அதுதான்.

இலக்கண வகுப்பில் படித்தது

மொழியில் தகுதி என்பதைத் தமிழ் இலக்கணம் வெகு காலம் முன்பே பேசிவிட்டது. பள்ளியில் ‘தகுதி வழக்கு’ என்று படித்திருப்பீர்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தேன்’ என்பது ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம். தொல்காப்பியம் இதை ‘அவையல் கிளவி’ என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல் என்று பொருள்.

கழிப்பறைக்குப் போவதைச் சொல்லக் கூச்சப்பட்ட நம் மொழி, டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் ஒரு மனிதரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசக் கூச்சப்படவில்லை. எது அவையல் கிளவி என்று நாம் இனி புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று திணை. மனிதர் உயர்திணை, மாடு அஃறிணை. உயர்திணையை அஃறிணையாகச் சொன்னால் திணை வழு. “அது வந்துச்சா?” என்று ஒரு தொழிலாளியைக் கேட்பது இலக்கணப்படியே பிழை. ஆனால் வழுவமைதி என்று ஒன்று இருக்கிறதே என்று தமிழ் மாணவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று ஆசையில் சொன்னால் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். மகிழ்ச்சியில் மட்டும் இல்லை, கோபத்திலும் இழிவுபடுத்தும்போதும்கூட இப்படித் திணை மாறி வருவது வழக்கம்தான் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது.

இலக்கணம் அதை மன்னித்துவிட்டது. ஆனால் இன்றைய சட்டம் இழிவுபடுத்துவதை மன்னிக்காது.

சட்டம் சொல்லும் ‘தகாதது’

அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதுவே 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பிறகு 1989-ல் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதை 2015-ல் திருத்தி விரிவாக்கினார்கள். திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அந்தப் பிரிவைச் சேராத ஒருவர், இழிவுபடுத்தும் நோக்கத்துடன், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அவமதிப்பதோ மிரட்டுவதோ குற்றம். 3(1)(எஸ்) பிரிவின்படி, அப்படிப்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

நடத்தை பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, புதுத்துணி உடுத்தக் கூடாது, கல்யாண ஊர்வலம் போகக் கூடாது, ஊர்வலத்தில் குதிரையிலோ வண்டியிலோ ஏறக் கூடாது என்று தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ராமநாதபுரத்துத் தடைப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு இரண்டிலும் இருக்கிறது. அங்கே செருப்புப் போட்டவர் குற்றவாளி. இங்கே தடுத்தவர் குற்றவாளி. இந்த இடம் மாற்றத்துக்கு 85 வருடம் ஆகியிருக்கிறது.

“அது சாதிப் பெயர்தானே, பட்டியலிலேயே இருக்கிறதே, சொன்னால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. 2008-ல் ஸ்வரண் சிங் வழக்கிலும், 2011-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது, அகராதியில் என்ன பொருள் என்பதைப் பார்ப்பதை விட இன்று மக்கள் அதை எந்தப் பொருளில் வீசுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சான்றிதழில் எழுதும் சாதிப் பெயரே, இழிவுபடுத்தும் எண்ணத்தோடு முகத்தில் வீசப்பட்டால் குற்றம்.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது ‘பொதுமக்கள் பார்வை’ ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும், அரசு அலுவலக அறைக்குள் நடந்தது பொதுப் பார்வையில் வராது என்று வழக்கை ரத்து செய்தது. வரப்புத் தகராறு, பணத் தகராறு எல்லாமே இந்தச் சட்டத்தில் வராது. சாதியின் காரணமாக இழிவுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். ஆகவே எங்கே சொன்னார்கள், யார் கேட்டார்கள், என்ன சொல் சொன்னார்கள் என்பது முக்கியம்.

அப்படி நடந்தால் அன்றே ஒரு தாளில் நேரம், இடம், சொன்ன சொல், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சொல்லக் கூசுகிறது என்று ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று மட்டும் எழுதினால் வழக்கு பலவீனமாகும். வாய்மொழியாகப் புகார் சொன்னால், காவல் நிலையத்தில் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். ‘முதலில் விசாரிக்கிறோம், பிறகு பதிவு செய்கிறோம்’ என்று தள்ளிப்போட 18-ஏ பிரிவு இடம் கொடுக்கவில்லை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

நாற்காலியும் வகுப்பறையும்

சட்டம் இவ்வளவு சொன்ன பிறகும் 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தக் கூட்டத்தில் யாரும் தகாத வார்த்தை பேசியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாற்காலியைப் போடாமல் விட்டாலே போதும். வாய் திறக்காமலே பேசும் தகாத சொல் அது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளியில் சக மாணவர்கள் கொடுத்த தொல்லையைச் சொன்ன ஒரு மாணவரும் அவரைக் காக்க வந்த தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரைகள் அதில் உண்டு. வெட்டரிவாளில் முடிந்தது ஒரே நாளில் தொடங்கியிருக்காது. முதலில் ஒரு சொல், பிறகு ஒரு சிரிப்பு, பிறகு ‘இவன வேலைக்கு அனுப்பு, கடைக்கு அனுப்பு’ என்ற பழக்கம். சொல் நிலையிலேயே ஆசிரியர் நிறுத்தியிருந்தால் அரிவாள் வரை போகாது என்பது பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

பெயரை யார் வைப்பது?

தகாத சொல்லை விலக்குவதோடு, தக்க சொல்லைத் தேடுவதும் நம் முன்னோர் செய்த வேலை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அதையே முகப்பில் போட்டு நிமிர்ந்து நின்றார். 1907-ல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பத்திரிகைக்கு ‘தமிழன்’ என்று பெயர். இழிவாக ஏற்றப்பட்ட பெயரைச் சுமக்க மாட்டேன் என்பது அவர் வாதம். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922-ல் சென்னை மாகாண அரசு ‘பறையர்’, ‘பஞ்சமர்’ ஆகிய சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற சொல்லை ஆவணங்களில் ஏற்றது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தக் கட்டுரையில் நானும் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். ஊரில் இன்னும் அது போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மூவரும் மூன்று வழி போனார்கள். ஆனால் என் பெயரை நான்தான் தீர்மானிப்பேன் என்பது மூவருக்கும் பொது. ஒருவரை எப்படி அழைப்பது என்று சந்தேகமா? அவரையே கேட்டுவிடலாம்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும்

இதுவரை படித்துத் தலையாட்டியவர்கள் இதையும் படிக்க வேண்டும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரை ஒருமையில் அழைப்பது இல்லையா? அருந்ததியர் பெரியவர் ஒருவரை நம் தெருப் பிள்ளை ‘டேய்’ என்று சொல்வதைக் கேட்டும் கேட்காதது போல் போனது இல்லையா? தூய்மைப் பணிக்கு வரும் அம்மாவுக்குப் பெயர் உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர் ஒருவர் மீது இன்னொருவர் போட முடியாது. ஆனால் நாம் வைத்த அளவுகோல் சட்டப் புத்தகத்தில் இருந்து எடுத்தது இல்லை. அவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் நாமும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். வெளியே ‘டேய்’ கேட்டு வந்த கோபத்தை மனைவியிடம் ‘ஏய், வாடி’ என்று இறக்கி வைக்கிறோம். வெளியே கூனி நின்ற முதுகு வீட்டில் நிமிர்வது இன்னொருவரைக் குனிய வைப்பதற்கு என்றால், அந்த எட்டு வயதுக் குழந்தைக்கும் நம் பிள்ளைக்கும் நாம் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

பையனுக்குப் பதில்

அந்தக் கல்லூரிப் பையனின் கேள்விக்கு வருவோம். தம்பி, நீ உட்கார்ந்திருந்தது மரியாதைக் குறைவு இல்லை. வயதில் பெரியவர் யார் வந்தாலும் எழுந்து நிற்பது நல்ல பழக்கம் என்று உனக்குத் தோன்றினால், அதைச் செய். உன் தெருப் பெரியவருக்கும் எழுந்து நில், ஊர்த் தெருப் பெரியவருக்கும் எழுந்து நில். ஒருவருக்குப் பயந்தும் இன்னொருவருக்குப் பாசத்திலும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவர்களும் உன் அப்பாவைப் பார்த்து அப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது உன் உரிமை. அது திமிர் ஆகாது.

அவன் புகார் கொடுக்க நினைத்தான். அப்பா வேண்டாம் என்றார். மாசி மாதம் வரை தோட்ட வேலை இருக்கிறது, கைமாற்றாக வாங்கிய பணம் இருக்கிறது. அப்பாவைக் கோழை என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அந்த வீட்டு அடுப்பு எதில் எரிகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

சென்ற வாரம் அவரைச் சந்தைக்கு வந்த இடத்தில் பார்த்தேன். மகன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். தோட்ட வேலைக்குத்தான் இன்னமும் போகிறார். பெரியவரை இன்னமும் ‘அய்யா’ என்றுதான் கூப்பிடுகிறாராம். “வயசுல மூத்தவரு, அதுல என்ன இருக்கு” என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, “ஆனா அந்தச் சின்னப் பையன சின்னய்யான்னு கூப்பிடுறத விட்டுட்டேன். தம்பின்னுதான் கூப்பிடுறேன். பேரன் வயசுப் பிள்ளதான” என்றார்.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

“இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் புள்ள மட்டும் மொத நாளு என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு” என்றார்.